அப்பாவுக்குக் கிடைத்த மிராசுதார் வேஷம்

என் அப்பா சினிமாவில் மிராசுதாராக நடித்தவர். ஏதோ ஒரு படத்தில் அல்ல. ஜனங்களுக்கு அவர் முகம் தெரிய ஆரம்பித்ததிலிருந்து சினிமா அவரைக் கைவிட்டதுவரை பெரும்பாலும் அதே வேஷம்தான். சரிகை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், வெள்ளிப் பூண் போட்ட தடி. கதாநாயகனின் தாயாரை வீட்டை விட்டுத் துரத்துவார். ஏழைகளின் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவருவார். கடைசி ரீலில் மனம் திருந்துவார், இல்லாவிட்டால் செத்துப்போவார். அவர் பேர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. "அந்த மிராசுதார் வருவானே, அவன்" என்றுதான் சொல்வார்கள்.

நிஜத்தில் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அப்பாவைப் பெற்றவர் வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குத்தகைக்குப் பயிர் செய்தவர். குடியிருந்த மனையே மிராசுதாருடையது. அவருக்குப் பிறகு அந்தக் குத்தகையும் அந்த மனையும் அப்பாவின் அண்ணனுக்கு, என் பெரியப்பாவுக்கு, வந்தன.

நான் ஏழெட்டு வயதுப் பெண்ணாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் நானும் சென்னையில் ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று குரலை உயர்த்தி, "பாவி, அந்தக் கிழவியக் கொட்டற மழையில வெளிய தள்ளினியே, நீ நல்லா இருப்பியா?" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்பா எழுந்து கையைக் கூப்பி, "தப்புத்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பிலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். வடபழனிவரைக்கும் வெயிலில் நடந்தோம். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? அது நடிப்புன்னு சொல்றதுதானே?"

"நம்பிட்டாங்கல்ல. இதைவிட வேற என்ன வேணும் எனக்கு?" என்றார் அப்பா. அவருக்கு அன்றைக்கு அதில் சந்தோஷம். அப்போதெல்லாம் அவரால் அப்படிச் சந்தோஷப்பட முடிந்தது.

அவரை நடிப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே பெரியப்பாதான். குறுவை அழுகிப்போன ஒரு வருஷம், வீட்டில் அடுப்பு எரிவதே நிச்சயமில்லாமல் இருந்தபோது, கும்பகோணத்தில் ஒரு நாடகக் கம்பெனி முகாம் போட்டிருந்தது. பெரியப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, "இங்க மூணு வேளையும் சோறு போடுவாங்கடா. அழாம இரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்பா பெண் வேஷம் கட்டினார். குரல் உடைந்ததும் காவலாளி, தூதன், சேவகன். கம்பெனி கலைந்த பிறகு மெட்ராஸ். பேசும் படம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ராஜா படங்களில் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "மன்னா, பகைவர் படை கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது" என்று ஒரு வசனம் கிடைத்தால் அந்த மாதம் வீட்டில் திருவிழா. பசி வந்தால் அடுக்களை வாசலில் நின்று அதே வசனத்தைத்தான் அம்மாவிடம் சொல்வார்.

மிராசுதார் வேஷம் அவருக்கு என்று வைத்திருந்தது அல்ல. அது ஒரு சமூகப் படம். அந்த வேஷத்துக்குப் பேசியிருந்த நடிகருக்கு அம்மை போட்டுவிட்டது. செட் தயாராக இருக்கிறது, கதாநாயகிக்கு அடுத்த வாரம் வேறு படம். கணக்குப்பிள்ளை வேஷத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தார் அப்பா. டைரக்டர் எரிச்சலில், "உங்கள்ல யாராவது ஒரு மிராசுதாரைக் கிட்டத்துல பார்த்திருக்கீங்களாய்யா?" என்று கேட்டாராம். அப்பா எழுந்து நின்றார்.

"நடந்து காட்டு, பார்ப்போம்."

அப்பா நடந்தார். கழுத்தை இடது தோள் பக்கம் சாய்த்து, வலது காலை லேசாக இழுத்து, எதிரில் நிற்பவனைப் பார்க்காமல் அவன் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு. ஒருத்தரை விட்டு எதிரில் நின்று குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழச் சொன்னார்கள். அவர் அழுது முடித்ததும் அப்பா தொண்டையைச் செருமி, "ம்... அப்புறம்?" என்றார். அந்த ஆள் இன்னும் அழுதார். "ம்... அப்புறம்?" டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். இதெல்லாம் எங்கள் ஊர் மிராசுதாரின் அசல் நடை, அசல் பேச்சு. சிறு வயதில் தன் அப்பாவோடு பண்ணை வீட்டு வாசலில் கைகட்டி நின்றபோது பார்த்துவைத்தது. யாரையும் காயப்படுத்த வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே மிராசுதார் அந்த மனிதர்தான்.

படம் ஓடியது. வலங்கைமான் டெண்ட் கொட்டகைக்கும் வந்தது. அந்த நாளைப் பற்றிப் பெரியப்பாவின் மகள் பிற்பாடு எனக்குச் சொல்லியிருக்கிறாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு போனதாம். அப்பா திரையில் வந்து இரண்டு அடி எடுத்து வைத்ததும் மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்களாம். "ம்... அப்புறம்?" என்றதும் மிச்ச வசனம் கேட்கவே இல்லை. அவ்வளவு சிரிப்பு. மறுநாள் நடவு வயலில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி "ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே நாற்று நட்டார்கள். வாய்க்கால் கரையில் பிள்ளைகள் எல்லாம் காலை இழுத்து நடந்தார்கள். பெரியப்பா மட்டும் படம் பார்க்கப் போகவில்லை. அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை.

மிராசுதார் காதுக்கு எட்டியது. அவரும் காரில் போய்ப் படத்தைப் பார்த்தார். கடைசிவரை இருந்து பார்த்தார் என்பார்கள். அறுவடை முடிந்ததும் பெரியப்பாவுக்குக் குத்தகை இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். அதற்குப் பின்னாலேயே பண்ணை நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் ஆட்களோடு வந்தார். "ஐயாவுக்கு மனை வேணுமாம். சாமானை எடுத்துக்குங்க" என்றார். பெரியம்மா சட்டி பானையை வெளியே வைப்பதற்குள் கூரையில் ஏறிவிட்டார்கள். ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அவர் மனையில்தான் குடியிருந்தார்கள்.

செய்தி வந்ததும் அப்பா படப்பிடிப்பை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அம்மாவையும் என்னையும் கூட்டிப்போனார். குடும்பமாகப் போய் நின்றால் மனம் இரங்குவார் என்று நினைத்தாரோ என்னவோ. பண்ணை வீட்டு வாசலில் நெல் காயப்போட்டிருந்தது. துழாவிக்கொண்டிருந்த பெண்கள் அப்பாவைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து மிராசுதார் வந்தார். நான் பயந்துபோனேன். கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். இவர் எதற்கு என் அப்பாவைப் போல நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். "ஐயா, செஞ்சதெல்லாம் நான். அண்ணன் அந்தப் படத்தைப் பார்க்கக்கூட இல்லீங்க. குத்தகை போனாப் போகட்டும், மனையை மட்டும் குடுத்துடுங்க. வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு எங்கேங்க போவாரு?"

"ம்... அப்புறம்?"

நெல் துழாவிய பெண்களில் ஒருத்தி கூடச் சிரிக்கவில்லை. அப்பா மறுபடியும் அதையே சொன்னார். மிராசுதார் அவர் தலைக்கு மேலே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டகையில ஒரே இரைச்சல். சரியாப் பார்க்க முடியல. இங்க பண்ணிக் காட்டு."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். ஆனாலும் எனக்குத் தெரிந்தது. அப்பா அந்த முற்றத்தில், நெல்லுக்கு ஓரமாக, நடந்தார். கழுத்தைச் சாய்த்து, காலை இழுத்து. ஜன்னல்களில் பண்ணை வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள்.

"காலை இன்னும் கொஞ்சம் இழுக்கணும்," என்றார் மிராசுதார்.

அப்பா இழுத்து நடந்தார். திரும்பவும் நடக்கச் சொன்னார். நடந்தார். பிறகு மிராசுதார் திரும்பி உள்ளே போய்விட்டார். மனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா காத்துக்கொண்டே நின்றார். காரியக்காரர்தான் வந்து, "அங்க தென்னங்கன்னு வச்சாச்சுப்பா. பஸ்ஸுக்கு நேரமாகுது, கிளம்புங்க" என்றார்.

பெரியப்பா குடும்பம் அதற்குள் கோடியக்கரைப் பக்கம் போய்விட்டிருந்தது. பெரியம்மாவின் உறவுக்காரர் ஒருவர் அங்கே உப்பளத்தில் இருந்தார். நாங்கள் நேராக அங்கே போனோம். சேற்றில் கால் வைத்தே பழகிய மனிதர் பாத்தியில் நின்று பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். கண் கூசும் வெள்ளை. அப்பா வரப்பில் நின்று, "அண்ணே" என்றார். பெரியப்பா வேலையை நிறுத்தவில்லை.

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல தம்பி. உன் தொழில், நீ செஞ்சே. ஆனா உன்னப் பார்த்தா எனக்கு வயல் ஞாபகம் வருது. இனிமே வராதே."

அப்பா அதற்குப் பிறகு பல வருஷம் அங்கே போகவில்லை. ஊர்ப்பக்கமும் போகவில்லை.

சினிமாவில் அவருக்கு அந்த வேஷத்தைத் தவிர வேறு எதையும் யாரும் தரவில்லை. நடையை மாற்றிக்கொள்கிறேன் என்பார். "அந்த நடைக்குத்தானய்யா உன்னக் கூப்பிட்டிருக்கோம்" என்பார்கள். காலை இழுக்காமல் நடித்த ஒரு காட்சியை மறுபடி எடுத்தார்களாம். வீட்டுக்கு வந்தால் மேக்கப்பைத் துடைத்த முகத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு தயாரிப்பாளர் இரக்கப்பட்டு நிலத்தைப் பறிகொடுத்த ஒரு குடியானவன் வேஷம் கொடுத்தார். அப்பா அதற்காக உயிரைக் கொடுத்து நடித்தார். முதல் நாள் நாங்கள் மூவரும் தரை டிக்கெட்டில் போய் உட்கார்ந்தோம். திரையில் அப்பா வயலில் விழுந்து மண்ணை அள்ளிக்கொண்டு அழுகிறார். பின்னாலிருந்து ஒருவன், "டேய், நம்பாதீங்கடா, இவன்தான்டா மிராசுதாரு!" என்று கத்தினான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அவர் அழுததை ஒருத்தராவது முழுசாகப் பார்க்கட்டும் என்று சொன்னாள்.

பிறகு அம்மா இறந்தாள். கலர் படம் வந்தது. வில்லன்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கார் ஓட்டினார்கள். மிராசுதார்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. எனக்குக் கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை கிடைத்தபோது அப்பா மறுபேச்சில்லாமல் கூடவே வந்துவிட்டார். தாராசுரம் போகும் சாலையில் ஒரு சின்ன வீடு பிடித்தோம்.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. சுவரெல்லாம் புது எழுத்து, புதுக் கொடி. ஆனால் வயல்களில் சண்டை ஓயவில்லை. கூலி நெல்லுக்காக அறுவடை நின்றது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பள்ளிக்கூடங்களில் போலீஸ் தங்கியது. கிழக்கே ஒரு ஊரில் குடிசையோடு பெண்களையும் பிள்ளைகளையும் எரித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. எக்ஸ்சேஞ்சில் எனக்கு அன்றைக்கு முழுக்க லைன் ஓயவே இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் மெதுவான குரலில் பேசினார்கள்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்கள். மாநாட்டில் நாடகம் போடுகிறார்களாம்.

"நீங்க வசனம்கூடப் பேச வேண்டாங்கய்யா. மேடையில அந்த நடைய மட்டும் நடந்து காட்டுங்க. ஜனங்க எந்திரிச்சு நிப்பாங்க."

"ஒருதடவை நடந்ததுல ஒரு குடும்பமே எந்திரிச்சுப் போயிடுச்சு தம்பி," என்றார் அப்பா. "வேண்டாம்."

குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. ஊர் ஊராகப் பட்டா கொடுத்தார்கள். வாயைத் திறக்காமல் நின்ற எங்கள் ஊர்க்காரர்களுக்கெல்லாம் மனை கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் கறுத்து, கை கால் எல்லாம் உப்பில் வெடித்திருந்தது. அப்பாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"சித்தப்பா, அந்த மனை எங்களுதுன்னு சொல்ல ஊர்ல யாரும் வரமாட்டேங்கறாங்க. நீங்க வந்து சொல்லணும்."

மறுநாளே மூவரும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். வாசலிலேயே ஒரு குமாஸ்தா அவரை அடையாளம் கண்டுகொண்டார். "சார், இங்க பாருங்க, மிராசுதாரே மனை கேட்டு வந்திருக்காரு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஆபீஸே சிரித்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அப்பாவும் பழக்கதோஷத்தில் கையைக் கூப்பினார்.

தாசில்தார் மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "இப்ப குடியிருக்கறவங்களுக்குத்தாங்க சட்டம். முன்னாடியே காலி பண்ணிட்டுப் போனவங்களுக்கு இதுல வழியில்ல."

"காலி பண்ணிட்டுப் போகலீங்க," என்றாள் அக்கா. "கூரையைப் பிரிச்சு விரட்டினாங்க."

"அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"நான்தாங்க ஆதாரம்," என்றார் அப்பா. "என்னாலதான் விரட்டினாங்க."

சிரித்துக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார், முற்றத்தில் நடந்ததைக்கூட. தாசில்தார் பேனாவை மூடிவைத்தார். பிறகு, "எனக்குப் புரியுதுங்க. சட்டத்துல இடம் இல்ல" என்றார்.

வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அக்கா அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அப்பாவுக்குக் கண்ணு சுத்தமாப் போயிடுச்சு சித்தப்பா" என்றாள். "உப்பளத்து வெளிச்சம். அங்க நிறையப் பேருக்கு அப்படித்தான் போயிடுது."

அப்பா அவளோடு அப்போதே கிளம்பினார். நானும் போனேன்.

பெரியப்பா குடிசைக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் பால் போட்டது போல இருந்தன. காலடிச் சத்தம் கேட்டு, "யாரும்மா கூட?" என்றார். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். எத்தனையோ வசனம் பேசிய மனிதர்.

"சித்தப்பா வந்திருக்காங்கப்பா," என்றாள் அக்கா.

பெரியப்பா கையால் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கடல் காற்றில் கீற்று படபடத்துக்கொண்டிருந்தது. கடைசியில், "சாப்பிட்டானா கேளு" என்றார்.

அப்பா அதன்பிறகு கும்பகோணத்துக்குத் திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். அக்கா உப்பளத்துக்குப் போனதும் பெரியப்பாவைக் குளிப்பாட்டுவார், கஞ்சி காய்ச்சுவார், கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் போய் வருவேன். ஒரு தடவை பெரியப்பா கேட்டார்: "நீ நடிச்சது ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல. இனிமே எங்க பார்க்க? வாயாலயாவது சொல்லேன்." அப்பா சொல்ல ஆரம்பித்தார். ராஜா கதைகள், ஈட்டி பிடித்து நின்றது, பகைவர் படை கோட்டை வாசலுக்கு வந்தது, எல்லாம். சண்டைக் காட்சிக்கு வாயாலேயே வாள் சத்தம் போடுவார். பெரியப்பா குழந்தை மாதிரிக் கேட்பார். ஒன்றை மட்டும் அப்பா சொல்லவே இல்லை.

"அந்தப் படத்தச் சொல்லலையே?" என்றார் பெரியப்பா ஒருநாள், நான் இருக்கும்போதே.

"அது அவ்வளவு நல்லா இல்லண்ணே."

பெரியப்பா விட்டுவிட்டார். அப்புறம் கேட்கவில்லை.

பெரியப்பா ஒரு மாசியில் போய்ச் சேர்ந்தார். என்னோடு வந்துவிடச் சொல்லி அப்பாவைக் கெஞ்சினேன். "அவ தனியா இருப்பாம்மா" என்று அக்காவைக் காட்டினார். அடுத்த வருஷம் பனிக்காலத்தில் ஒரு காலையில் நான் டியூட்டியில் இருந்தேன். டிரங்க் கால் ஒன்று வந்தது. கோடியக்கரையிலிருந்து, தபாலாபீஸ்காரர். "கும்பகோணம் எக்ஸ்சேஞ்சா? அங்க வேலை பார்க்கற ஒரு அம்மாவுக்குச் சேதிங்க. அவங்கப்பா காலையில தவறிட்டாரு. கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்," என்றேன்.

அதற்குள் போர்டில் வேறு விளக்கு எரிந்தது. யாரோ தஞ்சாவூருக்கு லைன் கேட்டார்கள். கொடுத்துவிட்டு எழுந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அவருக்குச் சவரம் பண்ணிவைத்து, பெரியப்பாவின் வேட்டியைக் கட்டிவிட்டிருந்தாள். சென்னைக்குத் தந்தி கொடுக்கலாமா என்று கேட்டாள். யாருக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உப்பளத்து ஆட்கள் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு வந்து தூக்கிப்போனார்கள். காரியம் முடியும்வரை நான் அங்கே இருந்தேன். கிளம்புகிற அன்று அக்கா என்னோடு பஸ் நிற்கும் இடம்வரை வந்தாள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பஸ் வருவதற்கு முன்பே திரும்பி நடந்தாள்.